காற்றுக்குச் சாதி இல்லை. சேதக் கணக்குக்கு இருக்கிறது

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை காற்று வீசியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை பதிவு செய்திருக்கிறது. 40க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையின் ஓரமாக, சிப்காட்டில் தொடங்கித் தெற்கே நீளும் தொழிற்சாலைப் பகுதியும் அந்தக் காற்றின் வழியில்தான் இருந்தது. கூரைத் தகடுகள் பறந்தன. மின்சாரம் இல்லாமல் உற்பத்தி நின்றது. கட்டி முடிக்கப்படாத ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அந்தப் புயலுக்குப் பிறகு எழுந்து நிற்கவே இல்லை.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தொழிற்சாலைகளின் மதிலுக்கு வெளியே இருந்த சேரிகளிலும் அதே காலையில் அதே காற்றுதான் வீசியது. மதிலுக்கு உள்ளே நடந்த சேதத்தை எழுத ஒரு முறை இருக்கிறது. அதற்குப் படிவம் உண்டு, மதிப்பீட்டாளர் உண்டு, காப்பீடு உண்டு. மதிலுக்கு வெளியே நடந்ததில் பெரும்பகுதியை எழுதுவதற்கு இந்த நாட்டில் இன்னும் ஒரு பத்தி கூட ஒதுக்கப்படவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கடலூர் – சிதம்பரம் கரையின் வரலாற்றை வைத்தே பார்க்கலாம்.

கப்பலுக்குப் பெயர் உண்டு

இந்தக் கரையில் வியாபாரமும் புயலும் மோதிக்கொண்டது நேற்று இன்றல்ல. 1749 ஏப்ரலில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. தஞ்சை அரசுரிமைச் சண்டையில் தலையிட்டு, கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையைப் பிடிக்க ஒரு படை தெற்கே புறப்பட்டது. பரங்கிப்பேட்டைப் பக்கம் முகாமிட்டிருந்தபோது பெரும் புயல் அடித்தது. தளபதி பாஸ்கவனின் தலைமைக் கப்பலான ‘நாமூர்’ கடலூர் அருகே உடைந்தது. அதில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ‘பெம்ப்ரோக்’ என்ற இன்னொரு போர்க்கப்பலும் அழிந்தது. படையின் கூடாரங்கள் கிழிந்தன, பொதிமாடுகள் செத்தன, தளவாடங்கள் பாழாயின. பரங்கிப்பேட்டையில் தங்கி எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் படை நகர முடிந்தது.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது? கப்பலுக்கு ஒரு பதிவேடு இருந்தது. மாட்டுக்கும் கூடாரத்துக்கும் விலை இருந்தது. விலை இருந்த எல்லாமே எழுதப்பட்டன. ஏப்ரல் மாதத்துப் புயலில் அந்தக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களும், மூட்டை சுமக்கக் கூட்டிச் செல்லப்பட்டவர்களும் அதே காற்றில்தான் நின்றார்கள். நாமூரின் பெயர் 270 ஆண்டுகளைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களில் ஒருவரின் பெயரும் வந்து சேரவில்லை.

அடுத்து வந்தது இரும்பு. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கிய முதல் ஆலைகளில் அது ஒன்று. சேலம் பகுதியின் தாது பரிசல்களில் ஆற்று வழியாக வந்தது. உலைக்கான கரிக்காகச் சுற்று வட்டாரக் காடுகள் வெட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டுவிட்டது. முதலீடு, கடன், நட்டம், கம்பெனி கைமாறியது என்று அதன் வரலாறு ஆவணங்களில் விரிவாகவே கிடைக்கிறது.

அந்த ஆலை தொடங்கியபோது தென்னார்க்காட்டின் வயல்களில் நம் முன்னோர்கள் அடிமைகளாக இருந்தார்கள். இது உவமை அல்ல, சட்டப்படியான நிலை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்ன ஐந்தாம் சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமையை வைத்திருப்பது குற்றம் என்பது 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. அதன் பிறகும் பண்ணையாள் முறை தொடர்ந்தது. குடிசை நின்ற மண்ணே பண்ணைக்குச் சொந்தம் என்றால், காற்று அந்தக் குடிசையைத் தூக்கிப் போகும்போது நட்டப்பட்டவர் யார்? ஏட்டின்படி பண்ணைதான். குடியிருந்தவருக்குச் சேதம் என்று சொல்லிக்கொள்ளவே உரிமை இல்லை. விவசாயத் தொழிலாளி தான் குடியிருக்கும் மனைக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். குடியிருப்பு மனைகளுக்கான அந்தச் சட்டத்துக்கு இன்னும் 60 வயது கூட ஆகவில்லை.

சிப்காட் வந்த பிறகு

1972 டிசம்பரில் கடலூர் அருகே ஒரு புயல் கரை கடந்தது. 2000 நவம்பரில் இன்னொன்று. இந்த இரண்டு புயல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கரையின் தோற்றம் மாறிவிட்டது. 1980களில், கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றுக்கும் சிதம்பரம் சாலைக்கும் நடுவில் சிப்காட் வேதியியல் தொழிற்பேட்டை எழுந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், வேதிப்பொருள் என்று கம்பெனிகள் வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், காரைக்காடு ஆகிய ஊர்கள் கம்பெனிகளோடு சுவர் ஒட்டிய ஊர்கள் ஆயின. மீனவர், வன்னியர், தலித் என்று மூன்று தரப்பு உழைக்கும் மக்களும் இங்கே இருக்கிறார்கள். மூவரின் மூச்சிலும் ஒரே புகைதான் போகிறது.

ஆனால் கம்பெனிக்குள் நுழையும் வாசல் எல்லோருக்கும் ஒன்றல்ல. நிலம் கொடுத்தவருக்கு வேலை என்று பேசப்பட்டபோது, கொடுக்க நிலமில்லாத சேரிக்கு அந்தப் பேச்சில் இடமே இருக்கவில்லை. கான்ட்ராக்டர் மூலம் வரும் வேலைதான் மிஞ்சியது. தொட்டி கழுவுவது, மூட்டை இறக்குவது, கழிவு அள்ளுவது. அன்றைக்கு ஆள் வேண்டுமென்றால் கேட்டில் பெயர் கூப்பிடுவார்கள். வேண்டாமென்றால் இல்லை. பெயர் கம்பெனிப் பதிவேட்டில் ஏறாது, கான்ட்ராக்டரின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது கான்ட்ராக்டருக்கே தெரியும்.

புயல் அடித்த மறுநாள் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்கிறது.

ஒரு சுத்திகரிப்பு ஆலையின் கதை

சிப்காட்டுக்குத் தெற்கே, காயல்பட்டு, பெரியப்பட்டு, திருச்சோபுரம் பகுதியில் நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை கட்டப்பட்டு வந்தது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திட்டம். தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் அதில் பங்குதாரர். ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்ட பழைய ஆலையின் கருவிகள் கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்டன. தானே அடித்தபோது கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது.

காற்றின் கணக்கு எளியது. வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 70 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய தகடு 140 கிலோமீட்டரில் அதே தகடு அல்ல. எண்ணெய்த் தொட்டி என்பது மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்துச் செய்த உருளை. உள்ளே திரவம் நிறைந்திருந்தால் காற்றுக்கு அசையாது. காலியாக இருந்தாலோ, மேல்மூடி போடாமல் இருந்தாலோ, பக்கவாட்டுக் காற்றில் தகரக் குவளை போல நசுங்கிவிடும். அதனால்தான் பாதி கட்டிய தளம், முடித்த ஆலையைவிடப் புயலுக்குப் பலவீனமானது. தானே அந்தத் தளத்தைப் பெரிதும் சேதப்படுத்தியது.

அதன் பிறகு திட்டம் தலை தூக்கவில்லை. செலவு ஏறியது. கடன் கொடுத்த வங்கிகள் தயங்கின. வேலை நின்றது. 2017இல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2018இல் அதைக் கலைத்து விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கடைசியில் ஹால்தியா பெட்ரோகெமிக்கல்ஸ் அதை வாங்கியது. இந்தப் பத்தாண்டுக் கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதம் இருக்கிறது. எந்த வங்கிக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கருவிக்கு என்ன மதிப்பு, யாருடைய கோரிக்கை எந்த வரிசையில் என்று எல்லாம் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்டன.

அந்தத் தளத்தில் மண் வெட்டியவர்கள், கம்பி கட்டியவர்கள், சாரம் ஏறியவர்கள் இந்த வரிசையில் எங்கே? திவால் சட்டத்தில் தொழிலாளர் பாக்கிக்கு முன்னுரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாக்கி என்று நிரூபிக்க வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். துணை கான்ட்ராக்டரின் கீழே இன்னொரு மேஸ்திரி, அந்த மேஸ்திரியின் கீழே நம் ஆட்கள். 2012 ஜனவரியில் ‘இனி வேலை இல்லை, வர வேண்டாம்’ என்று சொன்னதற்கு எந்தக் கடிதமும் கிடையாது. சேதம் அடைந்த தொட்டி சொத்துப் பட்டியலில் இருக்கும். அதே காற்றில் வேலை போனவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

லாபத்துக்குக் காப்பீடு, கூலிக்கு இல்லை

ஒரு தொழிற்சாலை தீக் காப்பீடு எடுக்கும்போது புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியும். கூரை பறந்தால் கூரைக்கு, இயந்திரம் நனைந்தால் இயந்திரத்துக்குப் பணம் வரும். இன்னொரு வகைக் காப்பீடும் உண்டு. ஆலை பழுதாகி உற்பத்தி நிற்கும் நாட்களில் கிடைத்திருக்க வேண்டிய லாபத்துக்கே காப்பீடு எடுக்கலாம். வராத லாபமும் நட்டமாகக் கணக்கில் ஏறும், ஈடு கிடைக்கும்.

இதில் தவறு ஏதும் இல்லை. தொழில் நடத்துபவர் தன் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். அதே நாட்களில் கேட் மூடியிருந்ததால் வராத கூலியையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். வராத லாபத்தைக் கணக்கிடத் தெரிந்த நாட்டுக்கு வராத கூலியைக் கணக்கிட ஏன் தெரியவில்லை?

சட்டத்தைக் கேட்டால் இருக்கிறது என்பார்கள். தானே அடித்த காலத்தில் நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம், இயற்கைப் பேரிடரால் வேலை கொடுக்க முடியாமல் போவதையும் ‘லே ஆஃப்’ என்றே வரையறுத்தது. அதற்குச் சம்பளத்தில் பாதியை ஈடாகத் தரச் சொன்னது. ஆனால் யாருக்கு? கம்பெனியின் பதிவேட்டில் பெயர் இருந்து, ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு. பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இல்லை என்று அதே பிரிவு சொல்லிவிட்டது. கேட்டில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருக்கும் சேரி இளைஞர் சட்டத்தின் கண்ணுக்கு யார்? கம்பெனிக்கு அவர் தங்கள் ஆள் இல்லை. கான்ட்ராக்டருக்கு அவர் அன்றைய ஆள்.

சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி வேலை செய்யும் இடம் இதுதான். எந்தச் சட்டமும் ‘தலித்துக்குக் கொடுக்காதே’ என்று எழுதவில்லை. நிலம் உள்ளவருக்கு, பட்டா உள்ளவருக்கு, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த மூன்றும் யாரிடம் இல்லாமல் வைக்கப்பட்டன என்பது வரலாறு.

சேரிக்கு வந்த காற்று

தானேக்குப் பிறகு முந்திரிக்கும் பலாவுக்கும் நிவாரணம் கேட்டுப் பெரிய குரல் எழுந்தது. நியாயமான குரல். முந்திரி மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும். ஆனால் மரத்துக்கான நிவாரணம் மரத்தின் சொந்தக்காரருக்குப் போகும். அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்களுக்கும், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி வறுத்து உடைத்துத் தோலெடுக்கும் பெண்களுக்கும் அதே ஆண்டுகள் வேலை இல்லாத ஆண்டுகள்தானே? முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல் வெந்துபோன பெண்ணின் இழப்பு ‘விவசாயச் சேதம்’ என்ற பத்தியிலும் வராது, ‘தொழில் சேதம்’ என்ற பத்தியிலும் வராது.

வீடுகளை எடுத்துக்கொள்வோம். குடிசைச் சேதம் முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று பிரிக்கப்படுகிறது. கீற்றுக் கூரை முழுவதும் பறந்து, மண்சுவர் மட்டும் நின்றால் பகுதிச் சேதம் என்று எழுதுவதை நாம் ஒவ்வொரு புயலிலும் பார்க்கிறோம். மண்சுவர் நிற்பதால் அந்த வீட்டில் அன்றிரவு யார் படுக்க முடியும்? கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டத்தை அரசு பின்னர் அறிவித்தது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் வீட்டுக்கு மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் இருப்பவருக்குப் புயல் வருவதற்கு முன்பே பதில் தயாராக இருக்கிறது.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீற்றைவிட அது பாதுகாப்பு என்று நம்பிக் கடன் வாங்கிப் போடுகிறார்கள். பலத்த காற்றில் ஷீட் வளையாது, உடையும். உடைந்த துண்டு கத்தி போலப் பறக்கும். கட்டடங்கள் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தர அளவுகோல் சொல்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அது விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். கம்பெனியின் கொட்டகைக்குப் பொறியாளர் அந்த அளவைப் பார்த்து ஆணி அடிக்கிறார். காலனி வீட்டின் ஷீட்டுக்கு ‘ஜே’ போல்ட் எத்தனை, எந்த இடைவெளியில் என்று யாரும் கேட்பதில்லை.

மின்சாரம் திரும்பி வரும் வரிசையிலும் இதே கதை. தமிழ்நாடு முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மின்பாதை சீராகும் முறையே இப்படித்தான்: முதலில் துணை மின்நிலையம், பிறகு உயரழுத்தப் பாதை, பிறகு டிரான்ஸ்பார்மர், கடைசியில் தெருக் கம்பம். காலனி எப்போதும் அந்தக் கம்பிகளின் கடைசி முனையில் இருக்கிறது. ஊரைத் தாண்டிச் சேரி என்ற பழைய அமைப்பின் மேல்தான் மின்சார வாரியத்தின் வரைபடம் வரையப்பட்டிருக்கிறது. கடைசி முனை கடைசியாகத்தான் வெளிச்சம் பெறும்.

காற்று நின்ற பிறகு வரும் ஆபத்து

வேதியியல் ஆலைக்குப் புயல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை காற்றாக. இரண்டாவது முறை மின்வெட்டாக. மின்சாரம் போனால் குளிர்விக்கும் இயந்திரம் நிற்கும். நச்சு வாயுவை நீரில் கரைத்துப் பிடிக்கும் அமைப்பு நிற்கும். கழிவுநீரை ஏற்றும் பம்பு நிற்கும். குழாய் இணைப்புகள் காற்றின் ஆட்டத்தில் தளர்ந்திருக்கும். மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தகடு எத்தனை பறந்தது என்பதையல்ல. எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, அது கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைத்தான்.

இதைச் சொல்லும் கடமை கம்பெனிக்கு இருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை, அதன் ஆபத்தைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள், ஆலைக்குள் ஓர் அவசரத் திட்டமும் ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் ஓர் அவசரத் திட்டமும் இருக்க வேண்டும் என்றன. அந்த வெளித் திட்டம் புயல் நாளையும் கணக்கில் கொள்கிறதா? சாலையில் மரம் விழுந்து கிடக்கும் காலையில், செல்பேசிக் கோபுரம் செயலிழந்த நேரத்தில், குடிகாட்டுக் காலனியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை எந்த வழியாக வெளியேற்றுவது? திட்டம் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எல்லாக் காற்றுக்கும் பெயர் வைப்பதில்லை. கோடையில் இடிமேகம் திரளும்போது மேலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று கீழே இறங்கி நாலா பக்கமும் அடிக்கும். சில நிமிடங்கள்தான். அதற்குள் கொட்டகைத் தகடும் காலனிக் கூரையும் ஒன்றாகப் பறந்திருக்கும். புயலுக்குப் பெயர் உண்டு என்பதால் அமைச்சர் வருவார், அரசாணை வரும். பெயரில்லாத காற்றுக்கு வி.ஏ.ஓ.விடம் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கம்பெனியின் காப்பீட்டுக்குக் காற்றின் பெயர் தேவையில்லை.

நம்மவர்கள் எழுதிய கணக்கு

எழுதப்படாததை எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காட்டுமன்னார்கோயிலில் பிறந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. நாடு முழுவதும் தீண்டாமை எப்படி நடக்கிறது என்று அந்தக் குழு திரட்டிய அறிக்கை 1969இல் வந்தது. சட்டப்படி ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்று எங்கெங்கே எப்படி உயிரோடு இருக்கிறது என்று அது பட்டியலிட்டது. பட்டியல் இருந்ததால்தான் பின்னால் வந்த சட்டங்களைக் கேட்டு வாதாட முடிந்தது.

சிப்காட்டிலும் அப்படி நடந்தது. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று சிப்காட் ஊர்களில் விசாரணை நடத்தி அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக 2004இல் சிப்காட் பகுதி மக்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு உருவானது. மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, நாற்றம் வரும் நேரத்தில் காற்றை அதில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 20க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருப்பது தெரியவந்தது. அதுவரை ‘நாற்றம்’ என்று சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. வேதிப்பொருளின் பெயரோடு சொன்னபோது கேட்டார்கள். எந்த நாள், எந்த மணி, எந்தக் கம்பெனியின் பின்பக்கம் என்று நோட்டில் எழுதிவைத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, அந்த ஊர்களில் குடியிருந்த மக்கள்.

நிவாரணத்தில் தலித்துகள் விடுபடுவதை 2004 சுனாமிக்குப் பிறகு தலித் மனித உரிமை அமைப்புகள் பேரிடருக்குப் பேரிடர் ஆவணப்படுத்தி வருகின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. நம் கையில் இருக்கும் நல்ல பிரிவு இது. ஆனால் பாகுபாட்டை நிரூபிக்க, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியல் சமூக வாரியாக வேண்டும். அரசின் சேதக் கணக்கு வட்டம் வாரியாக, ஊராட்சி வாரியாகக் கிடைக்கும். ஊர் எவ்வளவு, காலனி எவ்வளவு என்று பிரித்துக் கிடைக்காது.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று, சேதக் கணக்கெடுப்பு ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாக நடத்தப்பட்டு, பட்டியல் ஊராட்சி அலுவலகத்திலும் காலனியிலும் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, புயலால் ஆலை மூடப்படும் நாட்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலி ஈடு வேண்டும். அதற்கான பொறுப்பு முதன்மைக் கம்பெனியுடையது. கான்ட்ராக்டரைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

மூன்று, மரம் விழுந்தால் மரத்தின் சொந்தக்காரரோடு அதை நம்பி வேலை செய்தவரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் சிப்காட் ஆலைகளின் தொட்டி, குழாய், வாயுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் சோதித்து, முடிவைத் தமிழில் சுற்றியுள்ள ஊர்களில் வெளியிட வேண்டும்.

ஐந்து, புறம்போக்கில் இருப்பவருக்குப் புயலுக்கு முன்பே மனைப்பட்டா. புயலுக்குப் பிறகு பட்டா கேட்பது நிவாரணத்தை மறுப்பதற்குச் சமம்.

இவற்றை அரசு தானாகச் செய்யும் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை, 1200 மெகாவாட் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள சிதம்பரம் பக்கத்து ஊர்கள் உட்பட, ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டு தொடங்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். கூரை என்ன வகை, மனைக்குப் பட்டா உண்டா, வீட்டில் யார் எந்தக் கம்பெனியில் எந்தக் கான்ட்ராக்டரிடம் வேலை, ஒரு நாள் கூலி என்ன. காற்றுக்கு முன் கூரையைப் பிடித்த புகைப்படம் ஒன்று. காற்று அடித்தால் அதே பக்கத்தில் கீழே: கூரை என்ன ஆனது, எத்தனை நாள் வேலை இல்லை, மின்சாரம் எந்தத் தேதியில் வந்தது, அதிகாரி வந்தாரா, என்ன எழுதிக்கொண்டு போனார்.

ஒரு குயர் நோட்டின் விலைதான் செலவு. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி போதும் அதை எழுத. தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போதும், நாளை நீதிமன்றத்தில் 61ஆவது பிரிவைக் காட்டும்போதும் அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.